மூன்றாவது எண்

கன்னிமார்பாளையம்,
தாராபுரம் வழி.
22.1.1996

ரங்கநாயகிக்கு,

நலம், நலமறிய அவா என்றெல்லாம் எழுத எனக்கு மனசில்லை. பொங்கல் முடிந்து பூப்பறிக்கிற நோன்பன்று ஊரே ஆற்றங்கரைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கட்டின புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறினவளிடம் என்ன நலம் விசாரிப்பது? அம்மா பேசியது தப்புத்தான். அதற்காக நீ என்னிடம் சொல்லாமல் போனது சரியாகிவிடாது. இதை எழுதவே ஐந்து நாள் ஆயிற்று.

எழுத வைத்தது வேறு விஷயம். நீ வேலை பார்க்கிற தண்ணீர்த் திட்டத்துப் பட்டியல் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறது. மார்ச் மாதம் ஒரு நனைப்புத் தண்ணீர் கூடுதலாக விடப்போகிறார்களாம். நாற்பத்திரண்டு ஊரில் பத்து ஊருக்குத்தானாம். அதில் நம் ஊர் மூன்றாவது! கடைமடையில் கிடந்து வருஷா வருஷம் மிச்சத் தண்ணீருக்குக் காத்திருக்கும் கன்னிமார்பாளையம்! தலைவர் சீனிவாசலு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை படித்தார். "கேசவா, இது உன்ற ஊட்டுக்காரி போட்ட கணக்குத்தானப்பா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். பாலுசாமி கடையில் இரண்டு நாளாக நான் காசு கொடுத்து டீ குடிக்கவில்லை.

நம் மேட்டுக்காடு இரண்டு ஏக்கர் சும்மா கிடக்கிறதல்லவா? கிணற்றுத் தண்ணீர் ஏறாத இடம் என்று விட்டுவைத்திருந்தோம். வாய்க்காலில் ஒரு நனைப்பு கூட வருமென்றால் கடலை போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

ஒன்று கேட்கிறேன். இந்தக் கணக்கை எப்படிப் போட்டாய்? கடையில் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். நான் ஏதோ எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

கோபம் முழுக்கப் போகவில்லை. பாதிதான் போயிருக்கிறது.

சென்னகேசவன்


சிங்காநல்லூர்,
26.1.1996

அன்புள்ள மாமாவுக்கு,

பாதிக் கோபத்துக்கு நன்றி. மீதியையும் நான் வரும்போது நேரிலேயே போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

சொல்லாமல் வந்தது தப்புத்தான். சொல்லியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருப்பீர்கள், நானும் நின்றிருப்பேன், நின்று அழுதிருப்பேன். அத்தை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு உங்களிடம் சொன்னார்கள்: "உன்ற பொண்டாட்டிக்கு ஊரு ஊராப் போயி ஊரான் காட்டுக் கடலைய எண்ணத் தெரியுதுல்ல, நம்ம காட்டுல எத்தன வரப்புன்னு தெரியுமான்னு கேளு." நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். மூன்று வருஷமாக அத்தை என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் உங்களிடம்தான் சொல்கிறார்கள்.

போகட்டும். இன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், விடுமுறை. அதனால் கணக்கை விலாவாரியாகவே எழுதுகிறேன்.

நாற்பத்திரண்டு ஊர். ஊருக்கு இருபது இருபத்தைந்து கடலைக்காட்டுக்காரர்கள். போன வருஷம் நான் அத்தனை பேரையும் பார்த்துக் கேட்டு எழுதினேன். என்ன விதை, குத்துக்கடலையா கொடிக்கடலையா? எத்தனை நனைப்பு? எத்தனை வண்டி எரு? கடைசியில் ஏக்கருக்கு எத்தனை கிலோ? இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மாடல் போட்டுத் தரும். மாடல் என்றால் பயந்துவிடாதீர்கள். ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கொரு பெட்டி. பெட்டிக்குள் என்னென்னவோ அடைத்திருக்கும், முக்கியமாக நான்கு எண்கள். முதல் எண், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அந்த மண் கொடுக்கிற விளைச்சல். இரண்டாவது, விதை மாறினால் எவ்வளவு மாறும் என்பது. மூன்றாவது தண்ணீர், அதாவது ஒரு நனைப்பு கூடினால் ஏக்கருக்கு எத்தனை கிலோ கூடும். நான்காவது எரு, ஒரு வண்டி கூடக் கொட்டினால் எத்தனை கிலோ.

அதிகாரிகளுக்கு வேண்டியது தண்ணீர் எண் மட்டும். எந்த ஊரில் ஒரு நனைப்புக்கு அதிகம் விளைகிறதோ அங்கே கூடுதல் தண்ணீர். முன்பெல்லாம் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து நோட்டில் எழுதுவேன். இரண்டு நாள் ஆகும், கண் பூத்துப் போகும். இப்போது எங்களிடம் எஸ் என்று ஒற்றை எழுத்தில் பெயர் வைத்த ஒரு மொழி வந்திருக்கிறது. அதில் ஒரே வரி எழுதினேன். எல்லாப் பெட்டியையும் திற, மூன்றாவது எண்ணை எடு, வரிசையாக வை. எண்டர் தட்டிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நாற்பத்திரண்டு எண்களும் வரிசையாக நின்றன. நம் ஊருக்கு நாற்பத்தொரு கிலோ. எனக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை மாமா. ஆபீசில் இந்த மொழி தெரிந்தது எனக்கு மட்டும்தான் என்பதால் யாரிடமும் காட்டிப் பெருமைப்படவும் வழியில்லை. அதனால் உங்களிடம் பட்டுக்கொள்கிறேன்.

மேட்டுக்காட்டில் கடலை போடுங்கள். தண்ணீர் வருகிறதே, எதற்கு யோசனை?

ஏப்ரலில் என் வேலையை நிரந்தரம் செய்வதாக வெங்கடபதி சார் சொல்லியிருக்கிறார். அவர்தான் எங்கள் திட்ட அதிகாரி. அதற்கப்புறம் தாராபுரம் பக்கமே மாற்றல் கேட்கலாம்.

உங்கள்
ரங்கா


கன்னிமார்பாளையம்,
3.2.1996

அன்புள்ள ரங்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் போவதற்கு, மீதி மூன்று தடவை கணக்குப் புரிவதற்கு.

மேட்டுக்காட்டை உழுது கடலை போட்டாயிற்று. இரண்டு ஏக்கரும் குத்துக்கடலைதான். செவ்வாய்க்கிழமை தொடங்கி வியாழக்கிழமை முடிந்தது. அம்மாவே பொட்டி நிறைய விதையை எடுத்துக்கொண்டு உழவுச் சாலில் நடந்தாள். விதைக்க வந்த பெண்களிடம் அவள் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும். "தண்ணி வருதுங்கறேன், என்ற மருமக கம்ப்யூட்டர்ல எழுதிப்போட்டா, கவர்மெண்டே கேக்குது!" "உன்ற பொண்டாட்டி" என்பது போய் "என்ற மருமக" ஆகிவிட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரித்துக்கொண்டேன்.

கடையில் நான் இப்போது வாத்தியார் மாதிரி. பெட்டி, நான்கு எண்கள், மூன்றாவது எண் தண்ணீர் எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் பாலுசாமி ஒரு சிகரெட் அட்டையில் நான்கு கோடு போட்டு எழுதிப் பார்த்தார்.

அப்படிச் சொல்லிக்கொண்டு வரும்போது எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. கடையில் கேட்டால் மானம் போகும் என்று கம்மென்று இருந்துவிட்டேன், உன்னிடம் கேட்கிறேன். போன வருஷம் நம் ஊரில் எல்லோரும் போட்டது குத்துக்கடலைதானே? சொசைட்டியில் ஒரே லாரி விதை வந்தது, ஊரே அதைத்தான் வாங்கியது. கொடிக்கடலை போட்டவன் ஒருத்தன்கூடக் கிடையாது. அப்படியிருக்க, விதை மாறினால் எவ்வளவு மாறும் என்று நம் ஊர்ப் பெட்டிக்குள் இரண்டாவது எண் எப்படி வந்தது? மாறவே இல்லாத விதைக்குக் கம்ப்யூட்டர் எதைப் பார்த்து எண் போட்டது? அதற்கும் ஏதாவது வித்தை இருக்கும். அதையும் எழுது, கடையில் ஒரு நாள் ஓட்டிவிடுவேன்.

சளி பிடித்திருக்கிறது என்று உன் எழுத்தே சொல்கிறது, கோணல்மாணலாக இருக்கிறது. மிளகுப்பால் குடி.

கேசவன்


சிங்காநல்லூர்,
7.2.1996

மாமா,

இதைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். அத்தை பக்கத்தில் இருந்தால் எழுந்து வெளியே போய்விடுங்கள்.

உங்கள் கேள்விக்கு வித்தை எதுவும் இல்லை. நம் ஊர்ப் பெட்டிக்குள் விதைக்கு எண்ணே இல்லை.

டிசம்பரில் மாடல் போடும்போது ஏழு ஊர்களுக்கு மட்டும் கம்ப்யூட்டர் முடியாது என்று நின்றுவிட்டது. ஊரே ஒரே விதை போட்டிருந்தால் விதை வித்தியாசத்தை அது எங்கே போய்த் தேடும்? அதனால் அந்த ஏழு ஊருக்கு மட்டும் கணக்கிலிருந்து விதையை நானே எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். அது வரைக்கும் சரி. ஆனால் அந்த ஏழு பெட்டிகளில் நான்கு எண்கள் இல்லை, மூன்றுதான். மண், தண்ணீர், எரு. தண்ணீர் இரண்டாவது இடத்துக்கு ஏறிவிட்டது. மூன்றாவது இடத்தில் இருப்பது எரு. இரண்டு வாரம் கழித்து அதே கையால் எல்லாப் பெட்டியிலும் மூன்றாவது எண்ணை எடு என்று எழுதினேன். அது எடுத்துக் கொடுத்தது. நான் சொன்னதைத்தான் செய்தது.

நம் ஊர் நாற்பத்தொரு கிலோ ஒரு நனைப்புத் தண்ணீருக்கு வந்ததல்ல. ஒரு வண்டி எருவுக்கு வந்தது.

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துத்தான் பிரித்தேன். அந்த வரிக்கு வந்ததும் கடிதத்தை அப்படியே மேஜையில் வைத்தேன். உடனே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பெட்டிக்குள் பெயர் ஒட்டியிருக்கிறது மாமா. முதலிலேயே பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். இந்தத் தடவை மூன்றாவது என்று கேட்காமல், தண்ணீர் என்று பெயர் சொல்லி எடுக்கச் சொன்னேன். மற்ற முப்பத்தைந்து ஊரும் அப்படியே இருந்தன. ஏழு ஊர் மட்டும் மாறிவிட்டது. கன்னிமார்பாளையத்துக்கு ஒரு நனைப்புக்கு ஒன்பது கிலோ. மூன்றாவது ஊர் அல்ல, முப்பத்து நான்காவது. நம் கரிசல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண், கூட ஒரு நனைப்பு விட்டாலும் பெரிதாக ஒன்றும் கூடாது. அந்த ஏழில் நான்கு ஊர் முதல் பத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அப்படியென்றால் உண்மையில் தண்ணீர் வேண்டிய நான்கு ஊர் வெளியே நிற்கின்றன. அதில் ஒன்று பொன்னாக்காவலசு, அங்கே ஒரு நனைப்புக்கு முப்பத்தாறு கிலோ.

நம் ஊர்ப் பெயரை மேலே பார்த்தபோது நான் ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அப்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதனால் பார்க்கவில்லை. அத்தை என்ன சொல்வார்கள் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வருகிற புதன்கிழமை, 14ஆம் தேதி, குழு கூடிப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறது. அதற்கப்புறம் மாற்ற முடியாது. இந்தத் தப்பு இப்போதைக்கு உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நானாகச் சொன்னால் தவிர யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வெங்கடபதி சாரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் மேட்டுக்காட்டுக்குத் தண்ணீர் வராது. போடுங்கள் என்று எழுதியதும் நான்தான்.

ஆபீஸ் போனில் எல்லோர் முன்னிலையிலும் இதைப் பேச முடியவில்லை. திங்கட்கிழமைக்குள் உங்கள் பதில் கிடைத்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

ரங்கா


கன்னிமார்பாளையம்,
9.2.1996

ரங்கநாயகிக்கு,

உன் கடிதம் வந்தது.

இரண்டு ஏக்கர் முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது. அம்மா தினம் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். சீனிவாசலு உன்னைக் கூப்பிட்டு மாலை போட வேண்டும் என்கிறார். நான் யார் யாரிடம் என்னென்ன பேசியிருக்கிறேன் தெரியுமா? இனி அத்தனை பேர் முகத்திலும் எப்படி முழிப்பேன்?

யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியே இருக்கட்டும். ஒரு தடவைதானே? கடைமடைக்காரனுக்கு ஒரு வருஷம் தப்பாகவாவது தண்ணீர் வரட்டும். ஏப்ரலில் உன் வேலையும் நிரந்தரமாகிவிடும். அடுத்த வருஷம் சரியாகக் கணக்குப் போடு.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

சென்னகேசவன்


கன்னிமார்பாளையம்,
11.2.1996, ஞாயிறு

ரங்கா,

முந்தாநாள் எழுதியதைப் படித்திருப்பாய். அதைக் கிழித்துப் போடு. இன்னும் படிக்கவில்லையென்றால் இதை முதலில் படி.

கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. நேற்று டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு பொன்னாக்காவலசு போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த ஊரில் யாருக்கும் தண்ணீர் தேவைப்படாது, எல்லாம் சும்மா என்று கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் இருக்கும்.

ஊருக்கு முன்னாலேயே ரோட்டோரம் ஒரு கடலைக்காடு. செம்மண், பாதிக்குப் பாதி சரளை. ஒரு அம்மா தனியாகக் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் முன்னால்தான் தண்ணீர் கட்டினார்களாம். நான் குனிந்து விரலால் கிளறிப் பார்த்தேன். இரண்டு விரற்கடைக்குக் கீழேயும் மாவு மாதிரி காய்ந்திருந்தது. நம் காட்டில் மூன்றாம் நாள் கால் வைத்தால் செருப்பில் சேறு ஒட்டும். உன் எண் எனக்கு அங்கேதான் சரியாகப் புரிந்தது.

விதை வியாபாரி என்று பொய் சொன்னேன். பெயர் வள்ளியாத்தாளாம். மோர் கொடுத்தார்கள். பேச்சுவாக்கில் தண்ணீர்ப் பட்டியலைப் பற்றிக் கேட்டேன். "எங்கூரு பேரு அதுல இல்லீங்க தம்பி" என்றார்கள். எப்படிங்க விட்டுப்போச்சு என்றேன். அதற்கு அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போன வருசம் ஒரு அம்மணி வந்துச்சுங்க. வெயில்ல நின்னு ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதிட்டுப் போச்சு. அந்தப் புள்ள தப்பா எழுதாதுங்க. எங்க மண்ணுதான் சரியில்லயாட்ட இருக்குது."

கோபப்பட்டிருந்தால் நான் நிம்மதியாகத் திரும்பி வந்திருப்பேன் ரங்கா. உன்னையோ சர்க்காரையோ இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவர்கள் தங்கள் மண்ணைக் குறை சொன்னார்கள். மோரை முழுசாகக் குடிக்க முடியவில்லை. வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே வந்தேன்.

சொல்லிவிடு. புதன்கிழமைக்குள் சொல்லிவிடு. இது உன் கைக்கு எப்போது கிடைக்குமோ தெரியவில்லை. நாளைக் காலை தாராபுரம் பெரிய போஸ்ட் ஆபீசிலேயே கொண்டுபோய்ப் போடுகிறேன். ஊரில் நான் சொல்லிக்கொள்கிறேன். அம்மாவிடமும் நானே சொல்கிறேன்.

கேசவன்


சிங்காநல்லூர்,
13.2.1996

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் ஒன்பதாம் தேதிக் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை, ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட நியாயமில்லாதது என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் இல்லாமல் போகப்போவது உங்கள் காட்டுக்குத்தான். ஊரில் தலை குனிந்து நடக்கப்போவதும் நீங்கள்.

இருந்தும் இன்று காலை வெங்கடபதி சாரிடம் சொல்லிவிட்டேன்.

நீங்கள் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்தேதான் போனேன். கடிதம் கைப்பையில் இருந்தது. கதவைத் தட்டுவதற்கு முன்னால் அதை இன்னொரு தடவை படித்தேன். கல்யாணமாகி இந்த மூன்று வருஷத்தில் உங்களிடம் கோபித்திருக்கிறேன், சொல்லாமல் பஸ் ஏறியிருக்கிறேன். ஆனால் நீங்கள் ஒன்று சொல்லி, அதற்கு நேர் எதிராக நான் எதையும் செய்ததில்லை. அது எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது.

சார் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு கேட்டார்: "இத்தன நாளு கழிச்சு, கூட்டத்துக்கு மொத நாளு வந்து மாத்தறீங்க. யாராச்சும் சொல்லி மாத்தறீங்களாம்மா?" இல்லைங்க சார் என்றேன். "உங்க ஊட்டுக்காரரு ஊரு எது?" என்றார். கன்னிமார்பாளையம் என்று காட்டினேன். பழைய பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினார், புதியதிலும் தேடினார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். "செரிம்மா, நம்பறேன்" என்று மட்டும் சொன்னார்.

நாளைக் கூட்டத்துக்குப் புதிய பட்டியல்தான் போகிறது. ஆனால் பலகையில் ஒட்டிய பிறகு மாற்றியதற்குக் காரணம் எழுத வேண்டுமல்லவா? ஃபைலில் என் பெயர் ஏறும். ஏப்ரலில் நிரந்தரம் கிடையாது. இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம்தான், தாராபுரம் மாற்றலும் அதோடு போயிற்று.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா? இவ்வளவு நாசம் செய்துவிட்டு அங்கே வந்து அத்தை முகத்தில் எப்படி முழிப்பது என்றும் தெரியவில்லை. இங்கே இருக்கவும் பிடிக்கவில்லை. நீங்கள் எனக்குக் கடிதமே எழுதாமல் இருந்துவிடுவீர்களோ என்பதுதான் இப்போது பெரிய பயம்.

ரங்கா

14ஆம் தேதி மத்தியானம். நேற்று எழுதியதை ஒட்டி வைத்திருந்தேன், பிரித்து இதைச் சேர்க்கிறேன். உங்கள் பதினொன்றாம் தேதிக் கடிதம் இப்போதுதான் வந்தது. ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். வள்ளியாத்தாள் அம்மா எனக்கும் மோர்தான் கொடுத்தார்கள். கூட ஒரு பச்சை மிளகாய் கடித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு நான் கண்ணில் தண்ணீர் விட்டதைப் பார்த்துச் சிரித்தார்கள். நீங்கள் அங்கே போய் நின்றீர்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு அழுகை நிற்கவில்லை. படியில் ஏறி இறங்குகிறவர்களெல்லாம் ஊரில் ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்கிறார்கள். இல்லைங்க, நல்ல செய்திதான் என்கிறேன். யாரும் நம்பவில்லை.


கன்னிமார்பாளையம்,
24.3.1996

அன்புள்ள ரங்காவுக்கு,

ஒரு மாதமாகக் கார்டு கார்டாக நான்கு வரி எழுதி உன்னை ஏய்த்துக்கொண்டிருந்தேன். மேட்டுக்காட்டைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் நீ கேட்கும்போதெல்லாம் வேறு எதையாவது எழுதினேன். இனி மறைக்க ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

புதுப் பட்டியல் வந்து ஒட்டுவதற்கு முன்னாலேயே நான் பஞ்சாயத்து ஆபீஸ் திண்ணையோரம் பத்துப் பேர் இருக்கும்போது சொல்லிவிட்டேன். தண்ணீர் வராது, கணக்கில் தப்பு, சரி செய்தாயிற்று என்று. அப்புறம் சீனிவாசலு கேட்டார்: "ஏனப்பா, அந்தப் புள்ள கம்முனு இருந்திருந்தா ஆருக்குத் தெரியப்போவுது? சொந்த ஊருத் தண்ணிய அடுத்தவனுக்குத் தூக்கிக் குடுக்கறதுக்கு இவ்வளவு படிப்பா?"

"அவ கம்முனுதானுங்க இருந்தா. கெளறுனது நானுங்க. ஒரே வெதையாச்சே, எப்படிடா கணக்கு வந்துதுன்னு எழுதிக் கேட்டது நானுங்க. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க" என்றேன். திட்டினார்கள். நன்றாகவே திட்டினார்கள். பாலுசாமி கடையில் இப்போது டீ கிடைக்கிறது, பேச்சு கிடைப்பதில்லை. வெங்கடபதி என்று ஒருத்தர் உன்னை நம்புகிறார் என்று படித்தபோது அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கூடுதல் தண்ணீரை மார்ச் முதல் தேதி திறந்தார்கள். நம் ஊருக்கு மேலேயே மடையை அடைத்துவிட்டார்கள். ஊர்க் கரிசல் காட்டில் கடலை ஒன்றும் கெட்டுப்போகவில்லை, நன்றாகவே நிற்கிறது. ஒன்பது கிலோ என்று நீ எழுதியது சரிதான் போலிருக்கிறது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் பார்க்கிறார்கள். நம் மேட்டுக்காடுதான் போய்விட்டது. அதை அந்தத் தண்ணீரை நம்பித்தானே போட்டோம்? பூ விட்டு, விழுது மண்ணில் இறங்குகிற நேரத்தில் சுருண்டுவிட்டது. நேற்று ஆடுகளை உள்ளே விட்டுவிட்டேன்.

நீ போடுங்கள் என்று எழுதினாய், நான் போட்டேன். அதை நினைத்து நீ அங்கே உட்கார்ந்து அழ வேண்டாம். வேலையை விடுகிற பேச்சும் வேண்டாம். ஒரு வருஷமென்றால் ஒரு வருஷம். தப்பு நேர்ந்தால் தானே போய்ச் சொல்கிற ஆள் அந்த ஆபீசில் ஒருத்தியாவது இருக்கட்டும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்ன நாளிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். "என்ற மருமக" என்ற பேச்சும் போச்சு, "உன்ற பொண்டாட்டி" என்ற பேச்சும் போச்சு. ஐந்து வாரம் இப்படியே. நேற்று ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்போது பின்னாலேயே வந்தாள். வரப்பில் நின்று ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள். ஒரு காய்கூட இல்லை. செடியை என் மேலேயே வீசிவிட்டு ஆரம்பித்தாள். அவளுக்கு இருக்கிற தொண்டைக்கு அக்கம்பக்கத்துக் காடெல்லாம் கேட்டிருக்கும்.

"ஒருத்தி கணக்கப் போடறா, ஒருத்தன் கேள்வி கேக்கறான்! வெதைச்சவ நானு. நீங்க ரெண்டு பேருஞ் சேந்து எங்கடலையக் காயப்போட்டுட்டீங்களேடா! புருசனும் பொண்டாட்டியும் பேசி வெச்சுத்தான பண்ணுனீங்க?"

கால்மணி நேரம் திட்டினாள். நம் கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அம்மா வாயிலிருந்து நீங்க ரெண்டு பேரும் என்று நான் கேட்பது இதுதான் முதல் தடவை, ரங்கா.

என் பங்குத் திட்டை நான் நின்று முழுசாக வாங்கிக்கொண்டேன். உன் பங்கு அப்படியே மிச்சமிருக்கிறது. இந்தத் தடவை அடுப்பைப் பார்த்துப் பேச மாட்டாள், உன் முகத்தைப் பார்த்தே திட்டுவாள் என்று தோன்றுகிறது. சனிக்கிழமை வா.

கேசவன்